ரயிலைக் கொன்றது புயலா, லாப வேட்டையா?

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ தீவு. அங்கே மலையடிவாரத்தில் இகுதோரா என்றொரு சின்னஞ்சிறு ரயில் நிலையம், 1902-ல் திறந்தது. 2016 ஆகஸ்ட் இறுதியில் கடும் புயல் அடித்து, வெள்ளம் பாதையைச் சிதைத்தது. ரயில் நின்றது. நின்றது நின்றதுதான்! ஏழரை வருஷம் கழித்து, 2024 ஏப்ரல் 1-ந் தேதி, புரானோவிலிருந்து ஷின்தோகு வரை 81.7 கிலோமீட்டர் பாதையையே ஒழித்துக் கட்டிவிட்டார்கள்.

"இயற்கையின் சீற்றம், என்ன செய்வது?" என்று கைவிரிக்கிறார்கள் கனவான்கள். பாதையை உடைத்தது புயல்தான். ஆனால், செப்பனிடாதே என்று உத்தரவு போட்டதும் புயல்தானா?

அதே புயல் அதே தீவில் நிஷ்ஷோ கணவாய் நெடுஞ்சாலையையும் நொறுக்கியது. சர்க்கார் பணத்தில் செப்பனிட்டு, 2017 அக்டோபரில் அதைத் திறந்துவிட்டார்கள். சாலையிடம் யாரும் லாபக் கணக்குக் கேட்கவில்லை. ரயிலிடம் மட்டும் கேட்டார்கள். ஏன்?

வினை 1987-ல் விதைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் நகசோனே சர்க்கார் தேசிய ரயில்வேயைக் கூறு போட்டது: பயணிகளுக்கு 6 கம்பெனிகள், சரக்குக்கு 1. அதுவரை பெருநகரங்களின் வருமானம் கிராமத்து ரயிலையும் தாங்கியது. அந்தக் கயிற்றை அறுத்தார்கள். டோக்கியோ, ஒசாகாவின் கொழுத்த பாதைகள் பங்குச் சந்தைக்குப் போயின. பனியும் மலையும் ஜனக்குறைவுமான ஹொக்கைடோவுக்கு ஒரு நிதியின் வட்டிதான் மிச்சம். வட்டி விகிதம் சரிந்தது, கம்பெனியும் சரிந்தது. புயலடித்த மூன்றே மாதத்தில், 1,237 கிலோமீட்டர் பாதையைத் தன்னால் தனியே பராமரிக்க முடியாது என்று அறிவித்தது. தீவின் ரயில் பாதையில் ஏறத்தாழப் பாதி!

கூறு போட்டதை எதிர்த்த தொழிலாளிகள் கதி என்ன? கொகுரோ முதலிய சங்கங்களைச் சேர்ந்த 1,047 பேர் 1990-ல் வேலை இழந்தனர். இருபது வருஷம் போராடி, 2010-ல் நஷ்டஈடு பெற்றனர். வேலை திரும்பவில்லை.

"ஆளில்லாத ரயில் எதற்கு?" என்பார்கள். ரயில் மளிகைக் கடையா, வியாபாரம் குறைந்தால் கதவைச் சாத்த? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் வைத்தியம் தேடும் கிழவிக்கும் அது உரிமை.

ஆலைத் தோழர்களே! வயற்காட்டுத் தோழர்களே! பாலம் இடியும் நாளில் அழுது பயனில்லை. பொதுச் சொத்தைக் கூறு போட வரும் நாளிலேயே குறுக்கே நில்லுங்கள்!