பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்



எங்கள் வீட்டு ஸ்டேஷன் வேகன் 1997-ல் பதிவானது. மாமனார் ஆசையாக வாங்கிய காடி. அதன் பின்கதவைத் தாங்கும் தண்டு செத்துப்போய் நாலு வருடம் ஆகிறது. விளக்குமாற்றுக் கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துத்தான் சாமான் ஏற்றுவோம். என் வீட்டுக்காரர் அந்தக் கட்டையைக்கூட ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ கணக்கில் சேர்த்துச் சொல்வார். அப்படியும் அதை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆள், அரிசி மூட்டை, பள்ளி விழாவுக்கான வாழைக்கன்று என்று எதுவானாலும் உள்ளே போய்விடும்.

அந்த இடவசதிதான் எங்களைத் தவறு செய்ய வைத்தது. தோட்டப் பள்ளியிலிருந்து போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது, முன்னும் பின்னும் சீட்டு நிறைந்த பிறகு, மிஞ்சிய இரண்டு மூன்று பேரைப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் உட்கார வைத்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அது திருவிழா. சென்ற ஆண்டு பிறை பக்கம் முன்னால் போன லோரி திடீரென்று நின்றது. வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். பின்னால் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை சறுக்கி வந்து சீட்டின் முதுகில் மோதிக்கொண்டாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம், அவ்வளவுதான். மாலையில் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவள் தாயார், “பரவாயில்லை டீச்சர், நீங்க இல்லேன்னா யாரு கூட்டிட்டுப் போவா?” என்றார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்று தூங்கியிருப்பேன்.

மறுநாளே வேறு காடி பார்ப்பது என்று முடிவாயிற்று. புதிதாக வாங்க வசதியில்லை, பழையதுதான். வீட்டில் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஏழு பேர் போகிற எம்.பி.வி. வேண்டும் என்றார் வீட்டுக்காரர். 2009-ல் புரோட்டோன் எக்ஸோராவும் பெரோடுவா அல்சாவும் வந்த பிறகு நம் நாட்டில் வேகனை யார் தேடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றாம் வரிசையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால், பின்கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளிப் பை வைக்கத்தான் இடம் இருக்கும். எங்களோடு வருகிற அத்தைக்கோ சக்கர நாற்காலி உண்டு. ஆகவே என் ஓட்டு வேகனுக்கு. கேட்பார் குறைவு என்பதால் விலையும் இறங்கிக் கிடக்கும் என்று நான் சொன்னதும் அவர் கொஞ்சம் இளகினார். பிறகு விற்கப் போனாலும் கேட்பார் இருக்கமாட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய காடிக் கடை. வெள்ளி நிற வேகன், பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. மீட்டரில் ஓட்டம் குறைவு. விலையும் மற்ற இடங்களைவிட மூவாயிரம் வெள்ளி குறைவு. உள்ளே மல்லிகை வாசனை தூக்கியடித்தது. துணைக்கு வந்திருந்த ஒர்க்‌ஷாப் அண்ணன் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. “டீச்சர், நீங்க பின் சீட்டுல உட்கார்ந்து பெல்ட்டை இழுங்க. பாதியில விடாதீங்க, கடைசி வரைக்கும் இழுங்க” என்றார்.

இழுத்தேன். முதல் முழம் பளிச்சென்று இருந்தது. கடைசியில், எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதியில், காபிக் கறை போல ஒரு கோடு. விரலால் தேய்த்தால் மாவாக மண் உதிர்ந்தது. பின்னால் ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளத்தின் கம்பளத்தைத் தூக்கினோம். போல்ட்டுகள் செங்கல் நிறத்தில் துருப்பிடித்திருந்தன. “மழையிலே கண்ணாடி திறந்து கிடந்திருக்கும்” என்றார் விற்பவர். மழை ஸ்பேர் டயருக்கு அடியில் போய்ச் சேற்றைப் பூசுமா?

அது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காடி. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. தீவிலும் அக்கரையிலும் காடிகள் கூரை வரை தண்ணீரில் நின்றன. 2021 டிசம்பரில் சிலாங்கூரில், குறிப்பாக ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம், அதே கதை. வெள்ளச் சேதத்துக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் காப்புறுதி தருவார்கள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. நஷ்டப்பட்டவர் காடியைக் கழுவித் துடைத்து வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும், அது கைமாறி வேறு ஊரில் விலைக்கு நிற்பதும் நடக்கிற காரியம். சீட்டையும் கம்பளத்தையும் மாற்றிவிடலாம். ஒயர் முனைகளுக்குள் புகுந்த சேறு உள்ளேயே இருந்து அரிக்கும். பிரேக்குக்கும் ஏர்பேக்குக்கும் கட்டளை போகிற ஒயர்களும் அவற்றில் அடக்கம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, வேண்டிய நேரத்தில் அது கைவிட்டுவிடும்.

ஏர்பேக் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் தகாதா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் விசைக்காக அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்து பல வருடம் அதைக் கெடுத்தால், விபத்தில் உறை வெடித்து இரும்புத் துண்டுகள் ஓட்டுபவர் மேலேயே பாயும். நம் ஊர் சீதோஷ்ணம் அதற்குத் தோதானது. மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. பல கம்பெனிகளின் காடிகளில் அது இருந்ததால், பழைய காடி பார்க்கிறவர்கள் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சேவை நிலையத்தில் விசாரியுங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள்.

“பெயர் மாற்றும்போது அரசாங்கமே சோதனை போடுகிறதே” என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுத்தான். அந்தச் சோதனை முக்கியமாக எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் திருத்தப்படாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. காடி நல்ல காடி என்று அது நற்சான்றிதழ் தருவதில்லை. அதற்கு நமக்கு வேண்டியவரான மெக்கானிக்தான் வரவேண்டும், கடைக்காரருக்கு வேண்டியவர் அல்ல.

இன்னொன்று, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பூ அழியாமல் புதிதுபோல் தெரிகிற டயருக்கு ஏழு வயது ஆகியிருக்கலாம். சாலை வரியையும் மறக்காதீர்கள். தீபகற்பத்தில் சொந்த உபயோகத்துக்கான செலூன் வகைக் காடி 1,500 சி.சி. என்றால் வருடம் 90 வெள்ளி. 1,998 சி.சி. என்றால் 379 வெள்ளி. விலை மலிவு என்று பெரிய எஞ்சின் வாங்கினால் இதற்கும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

எங்களுக்கு மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு ஐந்து பேர் அமரும் ஒரு வேகன் கிடைத்தது. சர்வீஸ் புத்தகம் முழுதாக இருந்தது. ஐந்து சீட்டிலும், நடுச் சீட்டில்கூட, தோளிலிருந்து இடுப்புக்கு வரும் பெல்ட். அந்த மும்முனை பெல்ட்டை 1959-ல் வடிவமைத்தவர் வோல்வோவில் வேலை பார்த்த நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். மற்ற கம்பெனிகளும் போட்டுக்கொள்ளட்டும் என்று வோல்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் பின் சீட்டுக்கு பெல்ட் கட்டாயமானது 2009 ஜனவரி 1 முதல். குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல். சட்டம் வந்து இத்தனை வருடம் கழித்து, அதுவும் ஒரு குழந்தையின் நெற்றி வீங்கிய பிறகு எனக்கு உறைத்திருக்கிறது. ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் தீவில் பேச்சுப் போட்டி. இந்த முறை பக்கத்துப் பள்ளி ஆசிரியரையும் ஒரு காடி கொண்டுவரச் சொன்னேன். அதே பெண் குழந்தை எங்களோடு வந்தாள். ஏறும்போதே, “டீச்சர், நான் பின்னாடி படுத்துக்கிட்டு வரட்டுமா?” என்று கெஞ்சினாள். முடியாது என்று பெல்ட்டை மாட்டிவிட்டேன். பாலம் முடிகிற வரை அவள் என்னோடு பேசவில்லை.