ஐந்து மெட்டுக்காக இருபத்திரண்டைத் தேய்ப்பதா?

செருப்பின் குதிகால் தேய்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? குதிகாலுக்கு மட்டும் தோல் வைத்துத் தைத்துக்கொள்கிறோம். தேய்ந்த இடத்தின் மட்டத்துக்கு வரட்டும் என்று செருப்பு முழுவதையும் சீவித் தள்ளுவதில்லை. ஆனால் மின்சாரக் கிதார் விஷயத்தில் பல பேர் அதைத்தான் செய்கிறார்கள்!

கிதார் வாசிப்பவர்கள் 'ஃபிரெட்' என்று சொல்வது வேறொன்றுமில்லை. நம் வீணையில் இருக்கும் மெட்டுதான். விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் படிகள். கம்பியை அழுத்தும்போது அது எந்தப் படியில் போய் உட்காருகிறதோ, அதற்கேற்ற ஸ்வரம் பிறக்கிறது. வீணைக்கு 24 மெட்டு. மின்சாரக் கிதாருக்குப் பெரும்பாலும் 21 முதல் 24 வரை.

மெட்டு போட்ட மின்சார வாத்தியம் நமக்கு அந்நியமானதல்ல. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்து உலகையே வியக்க வைத்தார். கிதாரில் ராக ஆலாபனை செய்பவர்கள் இன்று இருக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்காரருக்குக் கிதார்தான் சோறு போடுகிறது. ஆகவே மெட்டு தேய்வது பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமல்ல. பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏன் தேய்கிறது?

பெரும்பாலான கிதார்களில் மெட்டு செய்யப்படுவது 'ஜெர்மன் சில்வர்' என்ற உலோகத்தில். பெயரில்தான் வெள்ளி! உள்ளே இருப்பவை செம்பு, துத்தநாகம், நிக்கல். கிதார்க் கம்பியோ எஃகு. எஃகு கடினம், மெட்டு அதைவிட மெத்து. தினமும் இரண்டும் உரசினால் எது தேயும் என்று சொல்லவா வேண்டும்?

எல்லா மெட்டும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதுதான் இங்கே முக்கியமான சங்கதி. புதிதாகப் பழகுகிறவரும், பாட்டுக்குப் பின்னணி வாசிக்கிறவரும் கழுத்தின் நுனியில் உள்ள முதல் மூன்று நான்கு மெட்டுகளிலேயே பெரும்பாலும் குடியிருப்பார்கள். அங்கே கம்பிக்குக் கீழே சிறு சிறு பள்ளம் விழும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பவருக்கு மேல் ஸ்தாயி மெட்டுகளின் தலை தட்டையாகிவிடும். மற்ற மெட்டுகளோ ஏறக்குறைய புதிதாகவே இருக்கும்.

பள்ளம் விழுந்த மெட்டில் கம்பி தாழ்ந்து உட்காருகிறது. அடுத்த மெட்டு உயரமாக நிற்கிறது. அதிரும் கம்பி அதன் தலையில் தட்டி 'ஜிர்' என்று இரைகிறது. தலை தட்டையான மெட்டிலோ கம்பி நடு உச்சியை விட்டு ஓரத்தில் தொட, சுருதியும் சற்றே விலகுகிறது.

கணக்குப் பார்ப்போம்

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம், மட்டம் பிடிப்பது. நீளமான அரத்தை எல்லா மெட்டுகளின் தலையிலும் ஓட்டி, ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ஒவ்வொன்றின் தலையையும் மறுபடி உருண்டையாக்கி, உப்புத்தாளால் மெருகேற்றுவார்கள். நல்ல வைத்தியந்தான். தேய்மானம் கொஞ்சமாகவும் பரவலாகவும் இருந்தால் இதைவிட வேறு வேண்டியதில்லை.

ஆனால் பள்ளம் ஆழமாக இருந்தால்?

புது மெட்டின் உயரமே சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். உதாரணத்துக்கு 1.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மெட்டில் 0.3 மில்லிமீட்டர் பள்ளம். அதை மறைக்க வேண்டுமானால் 22 மெட்டிலும் 0.3 மில்லிமீட்டரை அராவித் தள்ள வேண்டும். மிச்சம் 0.9. சில வருஷத்தில் அதே இடத்தில் மறுபடி அதே பள்ளம். மறுபடியும் அரம். மிச்சம் 0.6. பாதி ஆயுள் போயிற்று! மெட்டு இவ்வளவு தாழ்ந்தபின் விரல் பலகையில் உராயும். கம்பியை இழுக்கப் பிடிப்பு கிடைக்காது.

மெட்டின் உயரம் என்பது பெட்டியில் இருக்கும் முதல். அரம் எடுத்த உலோகத்தை எந்த வித்தைக்காரராலும் திருப்பி ஒட்ட முடியாது. தேய்ந்தவை நாலைந்து, அவற்றுக்காக நன்றாயிருக்கும் பதினேழு பதினெட்டையும் பலியிடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான். தேய்ந்த நாலைந்தை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிது போடுவதே நியாயம் என்பது நம் கட்சி.

முடியுமா?

தாராளமாக முடியும். மெட்டின் அடியில் மரத்துக்குள் இறங்கும் ஒரு கால் உண்டு. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் மெட்டை இளஞ்சூடாக்கி, வாய் தட்டையான குறட்டால் மெல்ல மெல்ல எழுப்பினால் மரம் சிதறாமல் வெளியே வரும். பிளவைச் சுத்தம் செய்து, அதே அகலமும் அதே உலோகமும் உள்ள புது மெட்டைப் பதிக்க வேண்டும். பிறகு புதியவற்றை மட்டும் பழையவற்றின் உயரத்துக்கு இணக்கினால் வேலை முடிந்தது.

"இதற்குக் கூலி அதிகம், கைத்தேர்ச்சியும் வேண்டும்" என்பார்கள். உண்மைதான். மேப்பிள் மரப் பலகையில் வார்னிஷ் பூசியிருந்தால் வேலை இன்னும் சிக்கல். ஆனால் கூலியை ஒரு தடவைக்கு மட்டும் பார்க்கக் கூடாது. மும்முறை மட்டம் பிடித்து, கடைசியில் 22 மெட்டையும் மாற்றும் செலவோடு ஒப்பிட வேண்டும். மிக மலிவான கிதாராக இருந்தால் கணக்கு மாறலாம். எல்லா மெட்டும் தேய்ந்திருந்தாலும் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். அப்போது எவர்சில்வர் மெட்டு போட்டுக்கொள்ளலாம். கூலி கூடினாலும் வெகு காலம் உழைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா இரைச்சலும் மெட்டின் குற்றமல்ல. மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் வளையும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி அந்த வளைவைச் சரி செய்யலாம். குதிரையின் உயரமும் காரணமாக இருக்கலாம். இவற்றைப் பார்க்காமலே அரத்தை எடுக்கும் கையிடம் கிதாரைக் கொடுக்காதீர்கள்! "எத்தனை மெட்டு தேய்ந்திருக்கிறது? எவ்வளவு ஆழம்? எவ்வளவு உயரம் மிஞ்சும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அளந்து பதில் சொல்வார்.

நம் கையில் இருப்பது

வாசித்து முடித்ததும் கம்பியையும் மெட்டையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு உலோகத்துக்கு ஆகாது. துருப்பிடித்த கம்பி மெட்டுக்கு ரம்பம், உடனே மாற்றுங்கள். தேவைக்கு மேல் அழுத்தாதீர்கள். மெட்டை வீட்டில் மெருகேற்றுவதானால் இரும்புப் பஞ்சு வேண்டாம். அதன் துகள்கள் ஒலி வாங்கும் காந்தங்களில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. மெழுகு தளர்ந்து சுருதி விலகினால், வீணை செய்கிற தொழிலாளியிடம் கொடுத்துப் புது மெழுகில் மெட்டுகளை அமைத்து வாங்குகிறார்கள். அதற்காக வீணை கெட்டுப்போயிற்று என்று யாரும் புலம்புவதில்லை. வாசிக்கப்படும் வாத்தியத்துக்கு அது இயல்பு என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். கிதாருக்கும் அந்த அறிவு வர வேண்டும். விரல் வைக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்கள், மெட்டைப் பார்க்கவும் முதல் வருஷத்திலேயே கற்றுத்தரலாம். பிள்ளை பழகும் கிதாரில் மெட்டு தேய்ந்திருந்தால் பெற்றோர் கோபிக்க வேண்டாம். பிள்ளை சாதகம் செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை!