முதியோருக்கு ஓய்வு மட்டுமே மரியாதையாகுமா?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. 2011ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கின்படி, 60 வயதை எட்டியவர்களும் கடந்தவர்களுமாக இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இருந்தனர். 60 வயதை அடைந்த ஒருவர் அதன்பின் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழக்கூடும். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு ஆகும் காலம் அது. அத்துணை நீண்ட காலத்தை ஒருவர் நடமாடிக் கழிப்பாரா, கட்டிலில் கழிப்பாரா என்பதே முதியோர் நலத்தில் இன்று முதன்மையான கேள்வியாகும்.

குடும்பங்களில் முதியோரை மரியாதை செய்யும் முறை ஒன்று வழக்கத்தில் உள்ளது. பாட்டனார் தண்ணீர் எடுக்க எழுந்தால் பேரன் ஓடிச் சென்று கொண்டுவந்து கொடுப்பான். பாட்டி முறத்தைக் கையில் எடுத்தால் மருமகள் அதை வாங்கி வைத்துவிடுவாள். “இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?” என்பது அன்பில் பிறந்த சொல்லே. அதன் நோக்கத்தைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயினும் விளைவை ஆராய்ந்து பார்த்தால், இவ்வாறு பறிக்கப்படுவது வேலை மட்டுமன்று. உடல் வலிமையும் தன்னம்பிக்கையும் அதனுடன் பறிபோகின்றன என்பது புலனாகும்.

மனித உடலின் தசைகள் 30 வயதுக்குப் பின் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றன. 60க்குப் பின் அக்குறைவு விரைவுபடுகிறது. விரைந்து சுருங்கும் தசைநார்களே மிகுதியாக நலிவடைகின்றன. கால் இடறும்போது மறுகாலை உடனே முன்வைத்து உடலைத் தாங்கச் செய்பவை அவையே. இது வயதின் விளைவு. இதனை முற்றிலும் தடுத்தல் இயலாது. ஆனால் முதியோரிடம் காணப்படும் தளர்ச்சி முழுவதும் வயதினால் வந்ததன்று. அதில் ஒரு பெரும்பகுதி, உடலை இயக்காமையால் வந்தது. அமெரிக்க நாட்டில் சராசரி 67 வயதுடைய நலமான முதியோர் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தனர். 2007இல் வெளியான அச்சோதனையின் முடிவின்படி, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவுக்குக் கொழுப்பு நீங்கலான திசு குறைந்துவிட்டது. காய்ச்சலோ சிறு நோயோ வந்த முதியவரை, அது நீங்கிய பின்னரும் வாரக்கணக்கில் படுக்க வைத்திருப்பது எத்தகைய கேடு என்பதை இதனால் உணரலாம்.

இழந்த வலிமை மீளாது என்று எண்ணுவது தவறு. பாஸ்டன் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய முதியோர் பதின்மருக்கு எட்டு வாரங்கள் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்த ஒன்பதின்மரின் கால் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது என 1990இல் அறிவிக்கப்பட்டது. மிகச் சிலரிடம் நடத்திய ஆராய்ச்சியே இது. எனினும் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளும், முதிய தசை பயிற்சிக்கு இணங்கும் என்பதையே உறுதி செய்துள்ளன.

தன்னம்பிக்கை என்பது மனத்தை மட்டும் பொறுத்ததன்று, கால்களையும் பொறுத்தது. 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் கீழே விழுகிறார் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. விழுந்தவர் காயமின்றித் தப்பினாலும் அச்சம் அவரைப் பற்றிக்கொள்கிறது. அச்சத்தால் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போவதை நிறுத்துகிறார், நடை குறைகிறது, தசை மேலும் நலிகிறது, மீண்டும் விழும் வாய்ப்பு முன்னிலும் மிகுகிறது. இச்சுழற்சியைத் தைரியம் சொல்வதால் மட்டும் அறுத்துவிட முடியாது. கால்கள் வலுப்பெற வேண்டும்; அதை அவரே உணரவும் வேண்டும்.

வயதைப் பற்றிய எண்ணங்களும் நிலையானவையல்ல. மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 55ஆக இருந்து 1962இல் 58ஆகவும், 1998இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. ஒரு தலைமுறை ஓய்வுக்குரியதென்று கருதிய வயதில் அடுத்த தலைமுறை பணியாற்றுகிறது. ஓஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2002இல் வெளிவந்தது. தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர் ஏனையோரைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்று அது கூறியது. எண்ணம் மட்டுமே ஆயுளை நீட்டியது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஆயினும் “இனி என்ன இருக்கிறது?” என்ற சொல்லை வீட்டிலும் ஊரிலும் ஓயாது கேட்கும் முதியவர் நடக்க முயலார் என்பதை எவரும் ஒப்புவர்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வாழ்நாள் முழுவதும் வயலிலும் செங்கற்சூளையிலும் உழைத்துத் தேய்ந்த உடலுக்கு மேலும் பயிற்சியா என்று கேட்பாருளர். இக்கேள்வி நியாயமானதே. அத்தகையோருக்கு ஓய்வு உரிமையாகும். பயிற்சியைக் காரணம் காட்டி அவர்களைக் கூலி வேலைக்குத் துரத்துவது கொடுமை. ஆனால் கடின உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. தலைச்சுமையும் நாள் முழுவதும் குனிந்து நிற்றலும் மூட்டுகளுக்கும் முதுகுக்கும் ஊறு செய்யும். அளவறிந்து செய்யும் பயிற்சியோ தசையை வளர்த்து மூட்டைத் தாங்கச் செய்யும். உழைத்தவர் ஒரு நாள் வேலையை விட்டு மறுநாளே கட்டிலில் முடங்குவது ஓய்வாகாது. அது மற்றொரு தேய்வேயாகும்.

இவ்விஷயத்தில் கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆற்றக்கூடிய பணி மிகுதி. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உழைப்புள்ள நடை முதலியவற்றை மேற்கொள்வதும், வாரம் மூன்று நாட்களேனும் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்வதும் நன்று என உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் பரிந்துரைத்துள்ளது. சுவரோரம் வைத்த உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கூடுமானவரை கையூன்றாமல் எழுந்து உட்காருதல் தொடைக்கு நற்பயிற்சி. சுவரைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்றலும், ஒற்றைக் காலில் சில விநாடி நிற்றலும் சமநிலையை வளர்க்கும். அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை மாதம் ஒரு முறை குறித்துவைத்தால் முதியவர் தம் முன்னேற்றத்தைத் தாமே காண்பார். மார்பு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் உடையவர்களும் அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

பயிற்சியுடன் உணவும் சேர வேண்டும். பல வீடுகளில் முதியோர், குறிப்பாகக் கணவரை இழந்த பெண்கள், கஞ்சியோடும் இரசச் சோற்றோடும் நிறுத்திக்கொள்கின்றனர். பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் வீட்டுக்கு இயன்றது அவர்களது தட்டுக்கும் வரவேண்டும். புரதமின்றித் தசை வளராது. பல் இல்லாதவர்க்குக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். கண்புரை, குளியலறையின் வழுக்கல், படியின் இருள், தலைசுற்றலைத் தரும் மருந்து ஆகியவையும் விழுதலுக்குக் காரணங்களாகும். 2010-11இல் தொடங்கிய முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரந்தோறும் முதியோருக்கெனத் தனியே மருத்துவம் பார்க்க வகைசெய்கிறது. அதை ஊராருக்கு அறிவிப்பதும், தம் ஊர் நிலையத்தில் அது நடைபெறாவிடில் கேட்டுப் பெறுவதும் ஊழியர்களின் கடமை.

ஆசிரியர்கள் வகுப்பில் முதியோரிடம் அன்பாக இருத்தலைப் போதிக்கின்றனர். அப்பாடத்துடன் இன்னொன்றையும் சேர்க்கலாம். பாட்டனாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதைவிட, அவர் தாமே எழுந்து எடுத்துவரும் வரை அருகில் நின்று, தேவைப்பட்டால் கை கொடுப்பது மேலான உதவி. மாலையில் அவருடன் ஏரிக்கரை வரை நடந்துவருவது பேரனுக்கும் நல்லது. முதியோர் செய்ய விரும்பும் வேலையை அவர்களிடமே விட்டுவைக்கும் வீடுகள் பெருகினால், கூடிய அந்த ஆண்டுகள் அவர்களுக்கும் குடும்பத்துக்கும் பயன்படும் ஆண்டுகளாக அமையும்.