வகித்த பதவியே சான்றாகுமா?

தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் தலைவராக நீதியரசர் வி. இராமசுப்பிரமணியன் 2024 டிசம்பரில் நியமிக்கப்பட்டபோது நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்டன. மன்னார்குடியில் பிறந்தவர் ஒருவர் அப்பதவிக்கு வந்தாரே என்று மகிழ்ந்தது ஒன்று. எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவரும் ஒப்பாத நியமனம் செல்லத்தக்கதா என்று கொதித்தது மற்றொன்று. அவர் எழுதிய தீர்ப்புகளை எந்த அளவுகோலைக் கொண்டு, யார் எடைபோட்டார்கள் என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் எழுப்பவில்லை. அவர் அப்பதவிக்கு ஏற்றவரா என்று தீர்ப்புச் சொல்வது இப்பதிவின் நோக்கமன்று. அக்கேள்விக்கு விடை காணும் முறை ஒன்று இந்த நாட்டில் இதுவரை உருவாக்கப்படவே இல்லை என்பதும், அதைப் பற்றி நம் கல்வியுலகம் வாய் திறக்காமல் இருக்கிறது என்பதுமே என் குற்றச்சாட்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதலில் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதியே தலைவராகலாம் என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி எவரும் ஆகலாம் என்று வாசலை அகலப்படுத்தியது. உறுப்பினர்களில் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும், மற்றொருவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் இருப்பவராகவோ இருந்தவராகவோ அமைய வேண்டும். எஞ்சிய மூவர் மனித உரிமை தொடர்பான செய்திகளில் அறிவோ நடைமுறை அனுபவமோ உடையவராக இருத்தல் வேண்டும்; அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பிரதமர், மக்களவைத் தலைவர், உள்துறை அமைச்சர், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள், மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஆகிய அறுவர் குழு பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

இவ்வளவுதான் சட்டம். காலியிடத்தை விளம்பரப்படுத்த வேண்டும் என்றோ, அளவுகோல்களை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்றோ, நேர்காணல் நடத்த வேண்டும் என்றோ, ஒருவரைத் தேர்ந்ததற்குக் காரணம் எழுத வேண்டும் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. யார் விண்ணப்பிக்கத் தகுதி உடையவர் என்று சொல்லும் சட்டம், தகுதி உடைய பலருள் ஒருவரை எதன் அடிப்படையில் தேர்வது என்று சொல்லவில்லை. தகுதி வேறு, தகைமை வேறு. முன்னதை ஓர் எழுத்தர் ஆவணம் பார்த்துச் சொல்லிவிடலாம். பின்னதை அறிய ஒருவரின் பணிவரலாற்றைப் படித்தாக வேண்டும்.

நம்முள் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்காதவர் யார்? விளம்பரம், நெட் தேர்ச்சி, முனைவர் பட்டம், வெளியீடுகள், தேர்வுப் பட்டியல், பாட வல்லுநர்கள் அமர்ந்த நேர்காணல் என்று எத்தனை படிகள்! அப்படிகளில் நடக்கும் முறைகேடுகளும் நமக்குத் தெரியும். ஆயினும் முறை என ஒன்று இருப்பதால்தான் அது மீறப்பட்டது என்று நீதிமன்றம் செல்ல முடிகிறது. நூற்று நாற்பது கோடி மக்களின் உரிமைகளைக் காக்கும் ஆணையத்துக்கோ மீறுவதற்குக்கூட ஒரு முறை இல்லை.

இந்த வெற்றிடம் என்ன செய்யும் என்பதற்கு வரலாறே சான்று. மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் பி.சி. சர்மா 2004இல் ஆணைய உறுப்பினராக்கப்பட்டார். மக்கள் சிவில் உரிமைக் கழகம் அதை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். பின்னர் மூவர் அமர்வு 2005இல் அந்நியமனத்தை உறுதி செய்தது. காவல்துறை அதிகாரியாக இருந்தவர் என்பதனாலேயே ஒருவரைச் சட்டம் விலக்கவில்லை என்பதுதான் அத்தீர்ப்பின் பொருள். சட்டம் விலக்காததையே தகைமைச் சான்றாக அரசுகள் எடுத்துக்கொண்டன. 2021இல் உளவுத்துறையின் முன்னாள் இயக்குநர் ராஜீவ் ஜெயின் உறுப்பினரானார். காவல் மரணங்களும் போலி மோதல் கொலைகளும் ஆணையத்தின் அன்றாட அலுவல். அத்துறைகளின் உச்சியில் இருந்தவர்களிடம் மனித உரிமை அறிவு இருக்கவே முடியாது என்று நான் வாதிடவில்லை. அது இருந்ததற்கு என்ன சான்று பார்க்கப்பட்டது என்றே கேட்கிறேன்.

நீதிபதிகள் விஷயத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. அவர்களைப் போல் தம் சிந்தனையை எழுத்தில் விட்டுச்செல்லும் அரசுப் பதவியினர் வேறு எவருமில்லை. 2021 ஜூனில் தலைவரான நீதியரசர் அருண் மிஸ்ரா, தலைமை நீதிபதியாக இல்லாமலேயே அப்பதவிக்கு வந்த முதல் நீதிபதி. 2020 பிப்ரவரியில், பதவியில் இருக்கும்போதே, ஒரு பன்னாட்டு நீதித்துறை மாநாட்டின் மேடையில் அவர் பிரதமரைப் பலதுறை மேதை என்று புகழ்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அவர் தலைமையிலான அமர்வு, தில்லி ரயில் பாதைகளை ஒட்டி இருந்த சுமார் 48,000 குடிசைகளை மூன்று மாதங்களுக்குள் அகற்றுமாறு ஆணையிட்டது. எந்த நீதிமன்றமும் அதற்குத் தடை வழங்கலாகாது என்றும் சேர்த்தது. அக்குடிசைவாசிகள் அவ்வழக்கில் தரப்பினராக இல்லை. இந்த ஆணைக்கு அவரிடம் நல்ல விளக்கம் இருந்திருக்கலாம். வீடிழப்போரின் குரலைக் கேட்காமல் வீட்டை இடிக்கச் சொல்லலாமா என்று வீடிழப்போரின் புகாரைக் கேட்கும் ஆணையத்துக்கு வரவிருந்தவரிடம் யாரேனும் அவையறியக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்பதற்கான இடமே இருக்கவில்லை.

சமநிலையோடு பேச வேண்டுமானால் இன்றைய தலைவரின் எழுத்தையும் எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் ஐவர் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அவரே. பேச்சுரிமையையும் உயிர்வாழும் உரிமையையும் அரசல்லாத தனியார்க்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று அத்தீர்ப்பு கூறியது. மனித உரிமைச் சிந்தனையில் இது துணிந்த அடி. அதே தீர்ப்பு, ஓர் அமைச்சரின் பேச்சை அரசின் மேல் ஏற்ற முடியாது என்றும் கூறியது. நீதியரசர் நாகரத்னா இதில் மாறுபட்டு எழுதினார். முதற்கருத்தை ஆணையத்தில் எவ்வாறு செயலாக்குவீர்கள், வெறுப்புப் பேச்சுப் புகார்களில் இரண்டாம் கருத்து உங்கள் கையைக் கட்டுமா என்று தேர்வுக்குழு கேட்டிருந்தால் நாடு ஒரு பாடம் கற்றிருக்கும். அவருடைய நியமனமும் வலுப்பெற்றிருக்கும். மதிப்பீடு என்பது ஆளைக் கவிழ்க்கும் பொறியன்று. நல்லவர்க்கு அதுவே அரண்.

எதிர்க்கட்சியினரும் இதில் தப்ப முடியாது. 2024 டிசம்பர் 18 அன்று நடந்த தேர்வுக்குழுக் கூட்டத்துக்குப்பின் மல்லிகார்ஜுன கார்கேயும் ராகுல் காந்தியும் எழுதிய மாறுபாட்டுக் குறிப்பு, முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்று குற்றஞ்சாட்டியது. தலைவர் பதவிக்கு ரோகிண்டன் நாரிமன், கே.எம். ஜோசப் ஆகியோரையும், உறுப்பினர் பதவிக்கு எஸ். முரளிதர், அகில் குரேஷி ஆகியோரையும் அது முன்மொழிந்தது. சாதி, சமயம், வட்டாரம் சார்ந்த பன்மையைக் கோரியது சரியே. ஆனால் அக்குறிப்பும் ஒரு பெயர்ப்பட்டியலுக்கு எதிராக மற்றொரு பெயர்ப்பட்டியலை வைத்ததோடு நின்றது. அளவுகோலை வெளியிடாதவரை அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டோம் என்றோ, ஆட்சிக்கு வந்தால் இச்சட்டத்தைத் திருத்துவோம் என்றோ அது சொல்லவில்லை. ஆளுங்கட்சியாக இருந்தபோது இந்த அறைக்கதவைத் திறக்காதவர்கள், எதிர்க்கட்சியாகிய பின் கதவு மூடியிருக்கிறது என்பதில் முழு நேர்மை இல்லை.

நீதிபதிகளைப் பொதுவெளியில் கேள்வி கேட்பது அவர்தம் மாண்பைக் குறைக்கும் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. ஓய்வுபெற்றபின் ஒரு நிர்வாகப் பதவியை ஏற்க முன்வருபவர், அப்பதவிக்கான கேள்விகளையும் ஏற்கத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மனித உரிமை ஆணையத்துக்கான பெயர்களை அனைத்துக் கட்சிகளும் இடம்பெறும் நாடாளுமன்றக் குழு முன்மொழிகிறது. வேட்பாளர்கள் பொதுமக்கள் பார்க்க நேர்காணப்படுகிறார்கள். தேசிய சபையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையினர் ஒப்பிய பின்னரே நியமனம். அங்கே எவருடைய மாண்பும் இதனால் சரிந்துவிடவில்லை.

அயல்நாட்டு முறை நமக்கு ஒவ்வாது என்பார்க்கு நம் உச்ச நீதிமன்றமே விடை தந்திருக்கிறது. தலைமைக் கண்காணிப்பு ஆணையராக பி.ஜே. தாமஸ் நியமிக்கப்பட்டதை 2011 மார்ச் 3 அன்று ரத்து செய்தபோது, தனிமனித நேர்மையோடு நிறுவனத்தின் நம்பகத்தன்மையையும் தேர்வுக்குழு கருத வேண்டும் என்றது நீதிமன்றம். குழு உறுப்பினர் மாறுபட்டால் அவர் காரணம் எழுத வேண்டும். அதைப் புறந்தள்ளும் பெரும்பான்மையினரும் காரணம் எழுத வேண்டும் என்றும் நெறி வகுத்தது. 2019 பிப்ரவரியில் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில், தகவல் ஆணையர்களைப் பட்டியலிடும் அளவுகோல்களை வெளியிடுமாறு கூறியது. ஊழலைக் கண்காணிப்பவர்க்கும் தகவல் தருபவர்க்கும் பொருந்தும் நெறி, உயிரையும் உரிமையையும் காப்பவர்க்கு மட்டும் பொருந்தாதா?

உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 1993இல் ஏற்ற பாரிஸ் கோட்பாடுகளின்படி மனித உரிமை நிறுவனங்களைத் தரமிடும் துணைக்குழு, காலியிடங்களைப் பரவலாக அறிவித்தல், பல பிரிவினரிடமிருந்து வேட்பாளர்களைத் திரட்டுதல், விரிவான கலந்தாய்வு, முன்னரே வகுத்து வெளியிட்ட அளவுகோல்களால் மதிப்பிடல் ஆகியவற்றைக் கேட்கிறது. 1999 முதல் ‘ஏ’ தரத்தில் இருந்த நம் ஆணையத்தின் மதிப்பீட்டை அது 2016, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒத்திவைத்தது. 2025 மார்ச்சில் ‘பி’ தரத்துக்கு இறக்கப் பரிந்துரைத்தது. இதை மேலைநாட்டுச் சதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் உத்தரப்பிரதேசத்திலோ மணிப்பூரிலோ மகனைக் காவலில் இழந்த ஒரு தாய் இந்த ஆணையத்துக்குத்தான் மனு அனுப்புகிறாள். ‘பி’ தரம் அவளுக்கு ஓர் எழுத்தன்று. தன் மனுவைப் படிப்பவர் யாருக்குக் கடன்பட்டவர் என்ற ஐயம்.

வாசலில் எடைபோடாவிட்டால் உள்ளே எடைபோட வழியுமில்லை. தகாத நடத்தைக்காக ஒரு தலைவரை நீக்க உச்ச நீதிமன்ற விசாரணை தேவை. அது சரியான பாதுகாப்பு. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பதவிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைத்து, தலைவரையும் மறுநியமனத்துக்கு உரியவராக்கியது. நீக்க முடியாதவர், அதே வேளை நியமித்தவரை மீண்டும் எதிர்நோக்குபவர் என்ற இந்த விசித்திர நிலையில், நுழைவில் நடக்கும் மதிப்பீடே நமக்குள்ள ஒரே காப்பு.

அதில் கேட்க வேண்டியவை அப்படியொன்றும் மறைபொருள் அல்ல. ஆட்சிக்கு உவக்காத முடிவை இவர் எப்போதேனும் எடுத்ததுண்டா? தம்முன் வழக்கறிஞரோடு வர இயலாதவர்களை எவ்வாறு நடத்தினார்? ஓய்வுக்கும் இப்பதவிக்கும் இடையே எத்தனை காலம், அக்காலத்தில் அரசிடமிருந்து என்ன பெற்றார்? ஓராண்டு கடந்த மீறல்களை விசாரிக்கத் தடுக்கும் 36ஆம் பிரிவையும், ஆயுதப்படைகள் மீதான புகாரில் அரசிடம் அறிக்கை மட்டுமே கேட்கச் சொல்லும் 19ஆம் பிரிவையும் இவர் எவ்வாறு கையாள்வார்? இவற்றுக்கான விடைகளை எழுத்தில் பெற்று வெளியிட அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை, சட்டத்திருத்தம்கூடத் தேவையில்லை. குழுவினருக்கு மனம் இருந்தால் போதும்.

இறுதியாக நம் பங்கு. நியமனம் நடந்த மறுநாள் கட்டுரை எழுதுவதில் நாம் வல்லவர்கள். ஆணையத்தில் எத்தனை பெண்கள், எத்தனை தலித்துகள் என்று எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் வரக்கூடியவர்களின் தீர்ப்புகளை, அறிக்கைகளை, கோப்புக் குறிப்புகளை முன்கூட்டியே படித்துத் தொகுக்கும் உழைப்பை எந்தச் சட்டத்துறையும் அரசியல் அறிவியல் துறையும் மேற்கொண்டதாக நான் அறியேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்று இணையத்தில் எவர்க்கும் இலவசம். இன்றைய தலைவரின் மூன்றாண்டு 2027 டிசம்பரில் முடிகிறது. அதற்குள் ஓய்வுபெறப்போகும் நீதிபதிகள் யாவர் என்பதும் இப்போதே தெரியும். பத்து மாணவர்கள், ஒரு பருவம், ஒரு பொது அளவுகோல் இருந்தால் ஒவ்வொருவரின் உரிமைசார் தீர்ப்புகளையும் தொகுத்துவிடலாம். தேர்வுக்குழுவின் மேசையில் அத்தொகுப்பை வைத்துவிட்டு, பின்னர் கேட்போம்: இதைப் படித்தீர்களா? படிக்கவில்லை என்றால், எதைப் படித்துத் தேர்ந்தீர்கள்?