வாக்குத்தத்த அட்டையும் எழுபது ஆண்டுகளும்



தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் கடைசி இரவு ஆராதனை முடிந்ததும் குடும்பத்திற்கு ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்துச் செல்வார்கள். அதிலுள்ள வசனம் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் இருக்கும். அழகான வழக்கம்தான், அதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால், அந்த ஒற்றை வசனத்தைக் கொண்டே பிள்ளைகளுக்கு இறைநம்பிக்கையைக் கற்பித்துவிட்டதாக எண்ணுகிறோமே, அது போதாது என்பதே என் கருத்து.

அட்டைகளில் அடிக்கடி காணும் வசனம் எரேமியா 29:11. தம் மக்களுக்குத் தீமையை அன்று, நன்மையையே எண்ணியிருப்பதாகக் கர்த்தர் அதில் கூறுகிறார். தேர்வு எழுதும் பிள்ளைக்கும் வேலை தேடும் தம்பிக்கும் இதையே சொல்கிறோம். இதற்கு முந்திய வசனத்தை எத்தனை வீடுகளில் படித்திருப்போம்? அங்கே இருப்பது எழுபது ஆண்டுகள் என்னும் கணக்கு!

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் சென்ற மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவிக்கிறான். எரேமியாவும் முதலில் ஆமென் என்கிறார். (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.) ஆனால், கடவுளின் சொல் வேறாக இருந்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், திருமணம் செய்து பிள்ளைகளைப் பெறுங்கள், அந்நகரத்தின் நலனுக்காக வேண்டுங்கள் என்றே கடிதம் கூறிற்று. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்ப உயிரோடு இருந்திருக்க முடியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்குறுதி.

தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் இதை நடத்தியபோது, பதினொரு வயது மாணவன் உடனே கணக்குப் போட்டான். "எண்பத்தொரு வயசுலதான் வீட்டுக்குப் போவேனா டீச்சர்? அப்புறம் எதுக்குத் தோட்டம்?" என்று கேட்டான். அருகிலிருந்த சிறுமி, "அங்கயும் பசிக்கும்ல?" என்றாள். நான் மேற்கொண்டு விளக்கவில்லை.

சிறுவர்களிடம் இவ்வளவு கடினமானதைச் சொல்லலாமா என்று சில பெற்றோர் கேட்கின்றனர். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கிறது என்பதையும் கண்டிருக்கிறேன். சிறுநீரகக் கோளாற்றால் தந்தையை இழந்த மாணவி ஒருத்தி, "நான் சரியா நம்பலையா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். முழுமனத்தோடு நம்பினால் அப்பா எழுந்துவிடுவார் என்று யாரோ அவளிடம் கூறியிருந்தனர். பத்து வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றும் சுமையா இது? ஜெபத்திற்குப் புள்ளி போட்டுத் தேர்ச்சி வழங்கும் தேர்வாளராகக் கடவுளைக் காட்டிவிட்டு, அவரை நேசி என்றால் பிள்ளை எப்படி நேசிக்கும்? யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் நீக்கிவிட்டார்கள். இந்தத் தேர்வுதான் இன்னும் நீங்கவில்லை.

அதே பாபிலோனில் நடந்த அக்கினிச் சூளைக் கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நாமும் சூளைக்குள் உலாவிய நான்காம் ஆளிடம் விரைந்து ஓடிவிடுகிறோம். அதற்கு முன்பே, கடவுள் தங்களை விடுவிக்காவிட்டாலும் சிலையை வணங்கமாட்டோம் என்று அந்த மூன்று வாலிபர்களும் அரசனிடம் சொல்லிவிட்டார்களே! அங்கே சற்று நிறுத்துங்கள். எப்படி முடியும் என்று தெரியாமலே அவர்கள் கடவுளை நம்பினார்கள்.

கடவுளிடம் முழு இருதயத்தோடு அன்புகூர வேண்டும் என்று கூறும் உபாகமம் 6-ஆம் அதிகாரம், அடுத்தபடியாகப் பெற்றோரிடம்தான் பேசுகிறது. வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேசச் சொல்கிறது. பள்ளிக்குக் காரில் போகும் இருபது நிமிடம் போதும். எல்லாக் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும் என்பதில்லை.

சென்ற ஆண்டிறுதியில் எங்கள் வகுப்பினர், அட்டையின் பின்புறத்தில் 28, 29 ஆகிய இரு அதிகாரங்களையும் படிக்குமாறு தம் கையாலேயே எழுதினர். ஒருவன் அனனியாவின் பெயரையும் எழுதி, பக்கத்தில் "2 வருசம்" என்று போட்டு அடித்துவிட்டிருந்தான். அந்த அட்டையும் ஒரு வீட்டுச் சுவருக்குத்தான் போயிருக்கிறது.