கலப்பு எஞ்சினும் காசுமாலையும்

எங்கள் தெருவில் ஒரு காசுமாலை பாங்கிக்குப் போவதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. மூன்று தலைமுறை கண்ட மாலை அது. விளைச்சல் பொய்த்த வருஷங்களில்கூடப் பெட்டியை விட்டு வெளியே போனதில்லை என்று வாத்தியாரின் மனைவி சொல்கிறார். பெண்ணின் கல்யாணத்துக்கே அடகு போகாத அந்த மாலை, இப்பொழுது பையனின் மோட்டாருக்காகப் போகப் போகிறது. மோட்டாருக்காகக்கூட இல்லை; மோட்டாருக்குள் இருக்கும் இரண்டாவது மோட்டாருக்காக!

பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையாய் இருக்கிறான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை உத்திரமேரூருக்கு வந்து அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். கையில் சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்குச் சாதாரணப் பெட்ரோல் வண்டி ஒன்று தாராளமாக வரும். ஆனால் அவனுக்கு 'ஹைபிரிட்' வேண்டும். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த கலப்பு வண்டி. அதற்கு இன்னும் மூன்று லட்சம் வேண்டும். ஆகவே காசுமாலை.

"அண்ணே, பெட்ரோல் விற்கிற விலையில் இதுதான் புத்திசாலித்தனமாம். லிட்டருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு கொடுக்குமாம். போட்ட பணம் ரெண்டு மூணு வருஷத்திலே திரும்பிடுமாம்" என்றார் வாத்தியார். அவர் கணக்கு வாத்தியார். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் வாயிலிருந்து இத்தனை 'ஆம்' வந்ததும் எனக்குக் கவலை பிடித்துக் கொண்டது.

கலப்பு வண்டி கெட்ட வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. அழகான யுக்தி அது, புதியதுமல்ல. 1900-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே வியன்னாவில் ஃபெர்டினாண்ட் போர்ஷே பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி, அதைக் கொண்டு சக்கரத்துக்குள் இருந்த மோட்டாரைச் சுழற்றும் வண்டி செய்து காட்டினார். 1997-இல் டொயோட்டா கம்பெனி ஜப்பானில் பிரியஸ் காரை விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்த யுக்தி சாதாரண ஜனங்களின் வீட்டு வாசலுக்கு வந்தது. நான் கேட்பது வேறு. அந்த யுக்தி எந்தச் சாலைக்காக உண்டானது? இந்தப் பையன் எந்தச் சாலையில் ஓட்டப் போகிறான்?

கலப்பு வண்டியைச் சுவரில் சொருகி மின்சாரம் ஏற்றுவதில்லை. (அப்படி ஏற்றும் ஜாதியும் உண்டு, பையன் பார்த்த வண்டி அந்த ஜாதி இல்லை.) அதன் பாட்டரியில் இருக்கும் ஒவ்வொரு துளி மின்சாரமும் பெட்ரோல் பங்க்கில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலிலிருந்து வந்ததுதான். பின் மிச்சம் எங்கே உண்டாகிறது? பிரேக்கில். சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால், ஓடிய வேகமெல்லாம் சூடாகிக் காற்றோடு போய்விடும். கலப்பு வண்டியில் அந்த வேகத்தில் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாக்கிச் சேமித்துக் கொள்கிறது. மறுபடி கிளம்பும்போது அதைச் செலவழிக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறது. ஊர்ந்து ஊர்ந்து போகும் இடத்தில் எஞ்சினுக்கு வேலையே வைப்பதில்லை.

தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் மாலை ஆறு மணிக்கு அகப்பட்டுக் கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே பத்து அடி நகர்ந்து பிரேக், இன்னும் பத்து அடி நகர்ந்து பிரேக். சென்னைக்குள்ளேயே டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவர் கடன் வாங்கிக் கலப்பு வண்டி வாங்கினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஓசூர்ச் சாலை? பாலாற்றைக் கடந்து, காஞ்சியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால், வாலாஜா, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று ஒரே ஓட்டம். சுங்கச் சாவடியில் கொஞ்சம் பிரேக். குறுக்கே மாடு வந்தால் கொஞ்சம் பிரேக். மற்றபடி ஒரே வேகத்தில் மணிக்கணக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதுதான் வேலை. பிரேக்கே போடாதவனுக்குப் பிரேக்கிலிருந்து என்ன மிச்சம்? காற்றுக்குச் செலவழித்த சக்தியை எந்த மோட்டாரும் திருப்பி வாங்க முடியாது. பாட்டரி கொடுக்குமே என்பீர்கள். டொயோட்டா ஹைரைடரின் கலப்பு வகையில் இருக்கும் பாட்டரி முழுக்க நிறைந்தாலும், வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் சில கிலோமீட்டர் போகலாம். ஓசூர் போக முடியாது.

இதை வண்டி செய்கிறவர்களே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். 2022-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிட்டி கலப்பு வண்டி, ஊருக்குள் பெரும்பாலும் மின்சார மோட்டாரால் ஓடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தை எட்டிச் சீராக ஓடத் தொடங்கியதும் ஒரு கிளட்ச்சைப் பூட்டி, எஞ்சினையே நேராகச் சக்கரத்தோடு இணைத்து விடுகிறது. அதாவது, 'இங்கே பழைய வழிதான் மேல்' என்று அந்த யந்திரமே தீர்மானித்துவிடுகிறது. யந்திரத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா?

அப்படியானால் அந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது? பொய் அல்ல, பரீட்சையில் வாங்கிய மார்க்கு. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, இந்திய ஓட்ட முறை என்று வகுத்திருக்கும் ஒரு பாடத்தின்படி ஓட்டி அளக்கிறார்கள். பாடம் மொத்தம் 1,180 விநாடி. அதில் 780 விநாடி நகர ஓட்டம்: கிளம்பு, நில், கிளம்பு, நில். மிச்சம் 400 விநாடிதான் ஊருக்கு வெளியே ஓடுவது போல. அதிலும் உச்ச வேகம் 90. முழுப் பாடத்தின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். கலப்பு வண்டிக்கென்றே தயாரித்த கேள்வித்தாள் மாதிரி இருக்கிறதல்லவா? வேலூர்ச் சாலையில் 32-இல் போகிறவன் யார்? வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "கேள்வித்தாள் முன்னாடியே தெரிஞ்சா என் கடைசி பெஞ்சுப் பையன்கூட நூறு வாங்குவான்" என்றார். கொஞ்சம் தெளிவு வந்தது.

இந்தச் சமயத்தில் என் மானத்தையும் கொஞ்சம் விற்றாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நானே பின்புறத்தில் 'ஹைபிரிட்' என்று பொறித்த ஒரு வண்டியை வாங்கி, ஊரெல்லாம் காட்டி வந்தேன். இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து காட்டினார். எஞ்சினைக் கிளப்பிவிடவும், வேகம் எடுக்கும்போது சற்றே கை கொடுக்கவும் மட்டும் தெரிந்த ஒரு சின்ன யந்திரம் பெல்ட்டில் தொங்கிக் கொண்டிருந்தது. அதனால் வண்டியைத் தானாக ஓர் அடி நகர்த்த முடியாது. விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த அரைக் கலப்புக்கும் 2015-இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் சர்க்கார் மானியம் கொடுத்தது. 2017-இல் அதை நிறுத்திக் கொண்டது. சர்க்காருக்கே இரண்டு வருஷம் பிடித்தது என்றால் எனக்கு இரண்டு மாதம் பிடித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று முதல் அந்த ஒற்றைச் சொல்லைக் கண்டு மட்டும் நான் மயங்குவதில்லை.

இனி வட்டிக் கணக்கு. உத்திரமேரூரிலிருந்து ஓசூர் போய் வர ஏறக்குறைய 520 கிலோமீட்டர். வருஷத்துக்கு 26 முறை. மற்ற ஓட்டமும் சேர்த்து 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்போம். நெடுஞ்சாலையில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 17-ம், கலப்பு வண்டி 21-ம் கொடுப்பதாக வைக்கிறேன். நெல் காயப்போட்ட நம்மூர்ச் சாலையில் வேகத்தடை வேகத்தடையாகக் குதித்துப் போகும் முப்பது கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் நாலு கிலோமீட்டர் அதிகம் கொடுத்திருக்கிறேன். கலப்பு வண்டியின் எஞ்சினும் சற்றுச் சிக்கனமான ரகம். அந்த நியாயத்தையும் மறுக்கவில்லை.

பெட்ரோல் வண்டிக்கு 882 லிட்டர். கலப்பு வண்டிக்கு 714. மிச்சம் 168 லிட்டர், அதாவது 16,800 ரூபாய். காசுமாலையின் மேல் வாங்கும் மூன்று லட்சத்துக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி என்றால் வருஷத்துக்கு 27,000 ரூபாய். மிச்சம் பிடித்த பணம் வட்டிக்கே காணாது, ஐயா! அசலை எந்தக் காலத்தில் அடைப்பது? வட்டியே இல்லாத தருமப் பணம் என்றாலும் மூன்று லட்சம் திரும்பப் பதினெட்டு வருஷம் ஆகும். இந்த வண்டிகளின் பாட்டரிக்குக் கம்பெனிகள் சாதாரணமாகக் கொடுக்கும் உத்தரவாதம் எட்டு வருஷம்.

இதே கணக்கைச் சென்னை நெரிசலுக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வண்டி 11-க்கு இறங்கிவிடும். கலப்பு வண்டி 22 கொடுக்கட்டும். அதே 15,000 கிலோமீட்டரில் மிச்சம் 68,000 ரூபாய்க்கு மேல். நாலரை வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். அதே வண்டி, அதே விலை. மாறியது சாலை மட்டும்.

பையன் சும்மா விடவில்லை. "பெரியப்பா, எல்லாத்தையும் ரூபாயிலேயே பார்க்கிறீங்களே. காற்று கெடுதே, அது கணக்கில் வராதா?" என்றான். நல்ல கேள்வி. என்னை நிஜமாகவே சற்று நிறுத்திய கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். 168 லிட்டர் மிச்சம் என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 390 கிலோ. அது அற்பமில்லை. ஆனால் அதற்காக அம்மாவின் கழுத்தைத்தானா பார்க்க வேண்டும்? நூறில் போகும் வண்டி எண்பதில் போனால் எதிர்க்காற்றின் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வேகம் கூடக் கூடக் காற்றுத் தடை அதன் வர்க்கமாக ஏறுகிறது. வாத்தியார் மகனுக்கு வர்க்கம் தெரியாதா? காஞ்சியிலிருந்து ஓசூர் வரை எண்பதில் போனால் முப்பத்தைந்து நிமிஷம் அதிகமாகும். அவ்வளவுதான். பாதத்தைச் சற்றுத் தூக்குவதற்கு எந்தப் பாங்கியும் வட்டி கேட்பதில்லை. மாதத்தில் ஒரு முறை வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் காஞ்சியில் பெங்களூர் பஸ் ஏறினால், 390 கிலோவுக்கு மேலேயே மிச்சம் பிடிக்கலாம்.

"எண்பதில் போனால் லாரிக்காரன்கூட ஹாரன் அடிக்கிறான், பெரியப்பா."

அதுதான் சங்கதி! காற்றைக் காப்பாற்ற மூன்று லட்சம் கடன் வாங்கத் தயார். பின்னால் வரும் லாரிக்காரனின் ஹாரனைப் பொறுக்கத் தயாரில்லை. கிளட்ச் மிதிக்க வேண்டாம், சத்தமில்லாமல் கிளம்பும், ஆபீஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அவன் நேராகச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக் கொண்டிருப்பேன். ஆசைக்கு வாங்குகிறவனோடு வாதம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆசையைச் சிக்கனம் என்று பெயர் மாற்றி, அந்தப் பெயரில் ஒரு தாயாரின் மாலையைக் கழற்றும்போதுதான் கோபம் வருகிறது.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் படிக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்தலுக்கு நிற்கக் கூடாது; அவன் உறவினரும் நிற்கக் கூடாது. இந்த ஊரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குக் கேட்டிருக்கிறார்கள். காஞ்சியில் வண்டி விற்கிற பிள்ளையாண்டானிடம் 'என் மகன் போகிற சாலையில் இது என்ன கொடுக்கும்?' என்று கேட்க எங்கள் வாத்தியாருக்கு வாய் எழவில்லை. குளிர்ந்த அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்களாம். கேட்க சங்கடமாக இருந்ததாம்.

அதனால் நானே நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மேற்படி கணக்கை எழுதிக் கொடுத்தேன். பழக்க தோஷம், வாத்தியார் பென்சிலை எடுத்து விடைத்தாள் திருத்துவதுபோல் வரிவரியாகச் சரிபார்த்தார். ஓர் இடத்தில் 'ரூபாய்' என்று எழுதவில்லை என்று அரை மார்க்கு குறைத்தார். பிறகு வெகு நேரம் வட்டி வரியையே பார்த்துக் கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவரும் பையனும் நானும் அந்தத் தாளோடு காஞ்சிக்குப் போகிறோம். பையன் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பெட்ரோல் வண்டியையும் ஒரு முறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். காசுமாலையை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்ல உள்ளே போனேன். வாத்தியாரின் மனைவி அதற்கு முன்பே பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டுவிட்டார்.