முதலுதவிக்குத் தகர டப்பா வேண்டாம்

பட்டுப் புடவையை ஈரம் படாமல் வைக்கக் காஞ்சிபுரத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காயத்துக்குக் கட்டும் துணிக்கு மட்டும் பழைய பிஸ்கட் டப்பா! ஏரிப் பாசன வயல்களில் பம்புசெட் கொட்டகைதோறும் இதைக் காண்கிறேன். ஐப்பசி மழைக்குப் பின் திறந்தால் மூடி துருவேறி, பஞ்சு பூஞ்சை பிடித்து, உப்பு சர்க்கரைப் பொட்டலம் கட்டியாகிக் கிடக்கிறது. 2015 பெருமழையில் சாலைகள் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் அரிவாள் வெட்டுக்குக் கையிலுள்ள கட்டுத்துணிதான் துணை.

விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. அகன்ற வாயும், திருகு மூடியும், மூடிக்குள் ரப்பர் வளையமும் கொண்ட கெட்டியான பிளாஸ்டிக் ஜாடியே போதும் என்பது என் கருத்து. காலி ஜாடிக்குள் உலர்ந்த செய்தித்தாளை இட்டு மூடி, தொட்டித் தண்ணீரில் கல்லை ஏற்றி அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். தாள் நனைந்தால் வளையத்தை மாற்றவேண்டும். வெயிலில் ரப்பர் வெடித்துவிடுமாதலால் ஆண்டுதோறும் புரட்டாசியில் இச்சோதனையைச் செய்வது நல்லது.

பூச்சிமருந்து வந்த டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முழுதும் போனதாக நம்ப முடியாது. ஜாடியையும் மருந்துக்கு அருகே வைக்காமல், வெயில் படாத இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். பூட்டு வேண்டாம், அவசரத்தில் சாவி அகப்படாது.

பாம்புக்கடிக்கு இதில் மருந்தில்லை. கடிவாயைக் கீறாமல், கயிற்றால் இறுக்காமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். 108 என்ற எண்ணை மூடியின் மேல் பெயிண்டால் எழுதிவையுங்கள்.